நீலம் பருவுக்கு, சிவப்பு முடிக்கு

முகப்பருவுக்கு எல்இடி விளக்கு வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்த்தால் போதாது, அலைநீளத்தைப் பாருங்கள். 415 நானோமீட்டர் நீல ஒளி, பருக் கிருமிக்குள் இருக்கும் போர்ஃபிரின் என்ற ஒளியை உறிஞ்சும் பொருளைத் தூண்டி அந்தக் கிருமியையே கொல்லும். 633 நானோமீட்டர் சிவப்பு வீக்கத்தைத் தணிக்கும். துளை அடைத்த கரும்புள்ளிக்கும் (பிளாக்ஹெட்) ஆழமான கட்டிகளுக்கும் இந்த ஒளி பெரிதாக உதவாது.

முகம் கழுவி, ஈரம் துடைத்து, கண்காப்புக் கண்ணாடி அணிந்து, கையேடு சொல்லும் தூரத்தில் உட்காருங்கள். தள்ளி உட்கார்ந்தால் தோலில் சேரும் ஒளி வெகுவாகக் குறையும். நம் மாநிறத் தோலில் நீல ஒளி கருமையை விட்டுச்செல்லக்கூடும். மங்கு உள்ளவர்கள் நீலத்தைத் தொடவே வேண்டாம். பருவுக்குத் தரப்படும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

முடி மெலிந்த தலைக்கு 650 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு. வகிடு வகிடாகப் பிரித்துக் காட்டுங்கள். முடிமேல் விழும் ஒளி வேருக்குப் போகாது. நான்கு மாதமாவது விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும். வழுவழுவென்று ஆகிவிட்ட வழுக்கையில் முளைக்காது.