ஓடுகிற சர்வரும் மறுபடி எழும் சர்வரும்

"பூட் இமேஜ் சரியாகத்தானே இருக்கிறது சார், சர்வரை ரீபூட் செய்ய இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும்?" என்று உடன் பணியாற்றும் இளைஞர் அன்றிரவு கேட்டதற்கு நான் சொன்ன பதிலில் எனக்கு இன்றும் முழுத் திருப்தி இல்லை.

ஒரே தரவை ஒன்றுக்கு மேற்பட்ட வட்டுகளில் எழுதிவைக்கும் ரெய்டு 1 தொகுதியில் இருந்த ரூட் பகிர்வை (இயங்குதளம் இருக்கும் பகுதி), சர்வரை நிறுத்தாமலேயே, வட்டு இடத்தை நிர்வகிக்கும் எல்விஎம் வழியாகப் புதிய வட்டுகளில் அமைத்த தொகுதிக்கு நகர்த்தியிருந்தோம். பிறகு புதிய கர்னலுக்கான (இயங்குதளத்தின் மையப் பகுதி) பூட் இமேஜை, அதாவது சர்வர் எழும்போது முதலில் நினைவகத்தில் ஏற்றப்படும் சிறு கோப்புத் தொகுப்பை, உருவாக்கியபோது, இயங்கிக்கொண்டிருக்கும் தொகுதியின் அடையாள எண்ணான யுயுஐடி, ரெய்டு வட்டுகளை ஒன்றுசேர்க்கும் எம்டிஏடிஎம் நிரலின் கான்ஃபிக் கோப்பில் இல்லை என்றும், பூட் ஆவதற்கு அது தேவையென்றால் இந்தக் கணினி இனி எழாது என்றும் சர்வரின் லினக்ஸ் இயங்குதளமான டெபியன் எச்சரித்தது. ஆனால் கட்டளை பிழையின்றி முடிந்தது; இமேஜும் உருவாகிவிட்டது. இவ்வளவு பெரிய செய்தி, திரையில் ஓடி மறையும் வரிகளுக்கு நடுவே வந்துபோவது சரியல்ல என்றே நினைக்கிறேன்.

இனிட்ராம்எஃப்எஸ் எனப்படும் இந்தப் பூட் இமேஜ் உருவாகும் நேரத்தில் அந்தக் கான்ஃபிக் கோப்பின் நகல் ஒன்று அதற்குள் வைக்கப்படுகிறது. ரூட் பகிர்வு கைக்குக் கிடைப்பதற்கு முன்பே வட்டுகளை ஒன்றுசேர்க்க வேண்டியிருப்பதால், அந்த வேலை இந்த நகலை நம்பியே நடக்கிறது. மூலக் கோப்பைத் திருத்தினாலும், இமேஜை மறுபடி உருவாக்கும்வரை உள்ளே இருப்பது பழைய யுயுஐடிதான். ஆகவே எம்டிஏடிஎம் ஸ்கேன் காட்டிய வரியைக் கோப்பில் சேர்த்து, எல்லாக் கர்னல்களுக்கும் இமேஜைப் புதுப்பித்து, அவற்றைப் பிரித்தும் பார்த்தோம். ரெய்டு 1 மாட்யூல், எம்டிஏடிஎம் நிரல், புதிய யுயுஐடி எல்லாமே உள்ளே இருந்தன.

அப்போதுதான் அவர் அப்படிக் கேட்டார். "காலையில் சர்வர் பக்கத்தில் ஆள் இருக்கும்போது செய்வோம் தம்பி" என்றேன்.

என் தரப்பில் நியாயம் இருந்தது. வழக்கமாகப் பழைய கர்னலின் இமேஜ் ஒன்று கைகாவலாக இருக்கும். இங்கே அதிலும் பழைய யுயுஐடியே இருந்ததால் அதையும் புதுப்பிக்க வேண்டியதாயிற்று. ஒரே கோப்பிலிருந்து பிறந்த எல்லா இமேஜ்களும் ஒருசேரப் பொய்த்தால், தொலைவிலிருந்து பார்க்கக் கன்சோல் வசதிகூட இல்லாத அந்தச் சர்வரில் நாங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் அவருடைய வாதத்தையும் என்னால் தள்ள முடியவில்லை. இரவில் மின்சாரம் போயிருந்தால் சர்வர் எங்களைக் கேட்காமலேயே ரீபூட் ஆகியிருக்கும். காத்திருந்ததால் இமேஜ் ஒரு துளியும் மேம்படவில்லை. பராமரிப்புக்கென்று ஒதுக்கிய நேரம் வீணாகி, பகலில் பயனர்களின் வேலைதான் தடைபட்டது. அவர் கேட்டது இமேஜைப் பற்றி. நான் பதில் சொன்னது ஆளைப் பற்றி. பிரித்துப் பார்த்த சான்றை நம்ப மறுத்தேன் என்றால், அவ்வளவு நேரம் எதற்காகச் சரிபார்த்தோம்?

காலையில் சர்வர் எந்தத் தடங்கலும் இல்லாமல் எழுந்தது. இரவிலும் அப்படியே எழுந்திருக்கும். அதனால் என் முடிவு தவறாகிவிடுமா என்றால், இல்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அதைச் சொல்லும்போதே தயக்கமும் வருகிறது. செயல்முறை ஆவணத்தில் என்ன எழுதுவது என்று அவர் பிறகு கேட்டார். தொகுதி மாறினால் யுயுஐடியைச் சரிபார்த்து, இமேஜைப் புதுப்பித்து, பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதச் சொன்னேன். எப்போது ரீபூட் செய்வது என்பதற்கான வரியை நாங்கள் இன்னும் எழுதவில்லை.