எல்லா பார்ட்டும் வழவழன்னுதான் இருந்துச்சு

விண்ட் டனல்ல, அதாவது மாடல் மேல காத்தை ஊதி சோதிக்கிற கூண்டுல, வேலை பாக்குறவங்களுக்கு மாக் 0.8 வரைக்கும் (மாக் 1ன்னா ஒலி வேகம்) பெருசா பிரச்சனை இல்ல. கூத்தெல்லாம் அதுக்கு மேலதான். 0.9, 0.95னு ஏத்த ஏத்த அதுவரை படுத்துக் கெடந்த டிராக் கர்வ், அதாவது காத்து தடுக்குற விசையோட கோடு, சடார்னு எந்திரிச்சு நிக்கும். பாடியை சுத்தி ஓடுற காத்து அங்கங்க ஒலி வேகத்தைத் தாண்டிடும், திரும்ப வேகம் குறையுற எடத்துல ஷாக், அதாவது அழுத்தம் திடீர்னு எகிறுற அதிர்ச்சி அலை, வந்து உக்காந்துக்கும். அதனால கூடுற டிராக்கைத்தான் வேவ் டிராக்குங்குறது.

எங்க கைக்கு வந்தது விமான ரெக்கைக்கு கீழ தொங்குற நீளமான ஒரு பாட், அதாவது கருவிங்க வைக்கிற கூடு. மூக்கு ஒரு டீம், நடு பாடி ஒரு டீம், வால் ஃபின் இன்னொரு டீம். தனித்தனியா பாத்தா ஒவ்வொண்ணும் கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா ஓட்டிப் பாத்தா டிராக் எஸ்டிமேட்டை விட நல்லாவே ஜாஸ்தி, காத்தோட அடர்த்தி மாறுறதைக் காட்டுற ஷ்லீரன் படத்துல ஃபின் பக்கத்துல பட்டையா ஒரு ஷாக். ஃபின் டீம் "எங்களுது எவ்ளோ மெல்லிசு பாருங்க"ன்னாங்க, அதுவும் நெசம்தான்.

அப்பதான் எங்க சீனியர் மூக்குல இருந்து வால் வரைக்கும் குறுக்குவெட்டு பரப்பை, ஃபினையும் சேத்து, ஒரே கிராஃபா போடச் சொன்னாரு. ஃபின் ஆரம்பிக்கிற எடத்துல ஒரு மேடு, அது முடிஞ்ச உடனே செங்குத்தா பள்ளம். அந்த மேடு எந்த டீமோட டிராயிங்லயும் கிடையாது, ஏன்னா மொத்த பரப்புங்குறது யாரோட வேலையும் இல்ல!

இது 1950கள்ல நாசாவுக்கு முன்னாடி இருந்த அமெரிக்க அமைப்பான நாகாவோட லாங்லி ஆய்வுக்கூடத்துல ரிச்சர்ட் விட்கோம் கண்டுபிடிச்ச ஏரியா ரூல்தான். ஒலி வேகத்துக்கிட்ட காத்துக்கு எது ரெக்கை எது உடம்புன்னு கவலை இல்ல, மொத்த பரப்பு நீளவாக்குல எப்படி ஏறி எறங்குதுங்குறதுதான் கணக்கு. 1953ல பறந்த அமெரிக்க போர் விமான மாதிரி ஒய்எஃப்-102 லெவல் ஃப்ளைட்ல மாக் 1ஐ தாண்ட முடியாம திணறி, அப்புறம் உடம்பை நீட்டி, இடுப்பை ஒடுக்கி, வால் பக்கம் ரெண்டு புடைப்பு ஒட்டி, 1954 டிசம்பர்ல தாண்டுச்சு. அந்த புடைப்பைத்தான் புதுசா வர்ற பசங்க நம்பவே மாட்டாங்க, "சார், சதை போட்டா டிராக் எப்படி குறையும்?"னு கேப்பாங்க. பள்ளத்தை நிரப்புனா குறையும்பா.

எங்களால இடுப்பை ஒடுக்க முடியல, உள்ள முழுக்க எலக்ட்ரானிக்ஸ். அதனால ஃபினுக்குப் பின்னாடி வால் கூம்பை நீட்டி பரப்பு மெதுவா எறங்குற மாதிரி பண்ணோம். வேவ் டிராக் ரொம்ப கம்மியா வர்ற ஐடியல் வடிவமான சியர்ஸ்-ஹாக் பாடி கணக்குப்படி அதே கொள்ளளவை வச்சுக்கிட்டு நீளத்தை 10% கூட்டுனா வேவ் டிராக் மூணுல ஒரு பங்கு போல குறையும், நம்ம பாடி அவ்ளோ ஐடியல் கெடையாதுன்னாலும் ஷாக் நல்லாவே மெலிஞ்சுடுச்சு. ஒரு தொல்லை, மாடலைப் புடிச்சிருக்குற ஸ்டிங் கம்பியும் அதே வால்லதான் செருகியிருக்கு, அதனால வால் முனையில இருக்குற பேஸ் பிரஷரை தனியா அளந்து திருத்தாம வர்ற நம்பரை நம்பவே முடியாது.

கடைசில எவ்ளோ நீளம்னு முடிவு பண்ணது வேவ் டிராக்கும் இல்ல, மேற்பரப்புல காத்து உரசுறதால வர்ற ஸ்கின் ஃப்ரிக்‌ஷனும் இல்ல. ரெக்கையோட பின் விளிம்புல மடங்கி எறங்குற ஃப்ளாப் எறங்கும்போது பாடோட வால் இடிக்கும்னு ஏர்ஃபிரேம் ஆளுங்க சொல்லிட்டாங்க, கூம்பை அங்கயே வெட்டிட்டோம்.