அப்பன் ரத்தம்லா!

"அவன் அப்பன் ரத்தம்லா, வேற எப்படி இருப்பான்?" பாளையங்கோட்டை டீக்கடையில அடிதடிக்குப் போற ஒரு பொடியனப் பத்தி இப்படித் தீர்ப்பு சொல்லுதாவ. பன் வாங்க வந்தவன் காதுல விழாமலா இருக்கும்? அவன் வீட்டுல அவனுக்கு விழுத பெல்ட்டடி தெருவுக்கே கேக்கும், அத யாரும் பேசல.

நியூசிலாந்து டுனிடின்ல 1972-73ல பொறந்த ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள வளர வளரக் கவனிச்சிருக்காவ. 2002ல வந்த முடிவு இது: மூளையில சில ரசாயனங்கள உடைக்கிற நொதிக்கான எம்ஏஓஏ ஜீன் மந்தமா இருக்கிற பையன்கள்ல, சின்னதுல கொடுமைப்பட்டவங்கதான் பெருசானதும் அடிதடிக்கு அதிகம் போயிருக்காவ. அதே ஜீனோட, அடிபடாம வளந்தவங்ககிட்ட அது பெருசா தெரியல. பின்னால வந்த ஆய்வு எல்லாமும் ஒத்துப்போகல, அதையும் சொல்லிரணும்.

இரட்டையர் ஆய்வுகள்லயும் இந்த அடிதடி குணத்துல பரம்பரைப் பங்கு ஏறக்குறைய பாதிதான். மிச்சம் யாரு கணக்கு வே?