பேட்டரியிலிருந்து பின் இருக்கை வரை

நவம்பர் 3, திங்கள்

வண்டியில் பாட்டு ஓடும்போது பறை இறங்கும் ஒவ்வொரு முறையும் ஹெட்லைட் மங்குகிறது. இரவு தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்தபின் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் வரை இறங்கும் அதே நொடியில், பின்னால், ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபையரின் முனைகளில் 11.2 தான் இருக்கிறது. 1.4 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. பேட்டரி புதியது, ஆம்ப்ளிஃபையரிலும் பழுதில்லை. பாதைதான் கெட்டிருக்கிறது.

நைனாவை 20ஆம் தேதி அழைத்துப் போகலாம் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் வண்டி தயாராக வேண்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்காமல் ஒரு முழம் ஒயர்கூட வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரான சப்-ஊஃபருக்கு இருக்கும் ஆம்ப்ளிஃபையர் 600 வாட். அது டி வகுப்பைச் சேர்ந்தது என்பதால் நூற்றுக்கு எண்பது பங்கு மின்சாரம் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொண்டால், 750 வாட்டை இழுக்கும். கதவு ஸ்பீக்கர்களுக்கான பழைய நாலு சானல் பெட்டி 200 வாட் தருவதற்கு 330 வாட்டுக்கு மேல் விழுங்கும், ஏனென்றால் அந்த வகை நூற்றுக்கு நாற்பது பங்கை வெப்பமாகவே வெளியேற்றுகிறது. இரண்டும் உச்சத்தில் ஓடினால் ஏறக்குறைய 80 ஆம்பியர்.

இப்போது தரைவிரிப்புக்கு அடியில் ஓடுவது 10 சதுர மில்லிமீட்டர் கம்பி, நீளம் 5 மீட்டர். சுத்தமான செம்பாகவே இருந்தாலும் 80 ஆம்பியர் போகும்போது அந்த ஒரு கம்பியிலேயே 0.7 வோல்ட் விழும். அதை வாட்டாகக் கணக்கிட்டபோதுதான் எனக்குத் திக்கென்றது: 55 வாட். ஹெட்லைட்டின் கீழ் வெளிச்சத்துக்கான பல்பும் 55 வாட்தான். நைனா உட்காரும் இருக்கைக்கு அடியில், விரிப்புக்குள், ஒரு ஹெட்லைட் பல்பின் வெப்பம் கம்பி நெடுகப் பரவிக்கொண்டிருக்கிறது. கம்பியைத் தடிமனாக்க இந்த ஒரு காரணம் போதும்.

நவம்பர் 6, வியாழன்

இன்று முழுவதும் வார்டு.

நவம்பர் 7, வெள்ளி

பாரிமுனையில் 35 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிள் வாங்கினேன். முதல் கடையில் காட்டியது, தூக்கும்போதே எடை குறைவாகத் தெரிந்தது. அனுமதி கேட்டு, ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறத்துக்குக் கீழே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. மேலே செம்பு பூசிய அலுமினியம் அதே தடிமனில் சுத்தச் செம்பு கடத்துவதில் ஏறக்குறைய அறுபத்தைந்து விழுக்காட்டைத்தான் கடத்தும். வெளியுறையில் எழுதியிருக்கும் தடிமனை மட்டும் நம்பி வாங்குகிறவர் வீட்டுக்குக் கொண்டுபோவது அதைவிட மெல்லிய கம்பியைத்தான். இரண்டாவது கடையில் உண்மையான செம்பு, மெல்லிய இழைகள், வளைத்தால் வளைகிறது. விலை ஏறத்தாழ இரு மடங்கு. யோசிக்காமல் கொடுத்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பியூஸைப் பற்றியே நாள் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். பியூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காப்பதற்காக இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், அதனால் அதை ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில் பொருத்துகிறார்கள். பேட்டரிக்கு அருகில் இருக்கும் பியூஸின் வேலை கம்பியைக் காப்பது. கம்பி எங்கேயாவது உராய்ந்து, உறை கிழிந்து, வண்டியின் தகட்டைத் தொட்டால், பேட்டரி தன்னிடம் உள்ளது அத்தனையையும் அந்த ஒரு புள்ளி வழியாகக் கொட்டும். டீசல் எஞ்சினைச் சுழற்றுவதற்கென்றே வைத்த பேட்டரிக்குச் சில நூறு ஆம்பியர் என்பது சாதாரணம். பியூஸ் பின்பக்கம் இருந்தால், அதற்கு முன்னால் உள்ள 5 மீட்டரில் எங்கே தகடு தொட்டாலும் பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. கம்பி சிவக்கும், உறை உருகும், விரிப்பு பற்றும். ஆகவே பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் பியூஸ் இருக்க வேண்டும் என்பதை நான் மாற்ற முடியாத விதியாக எடுத்துக்கொள்கிறேன். அந்த 45 சென்டிமீட்டரும் காவலற்ற பகுதிதான். அதற்குத் தனியாக ஒரு தடித்த ரப்பர் ஸ்லீவ் போட வேண்டும். கிளாம்ப் போட்டு அசையாமல் நிறுத்த வேண்டும்.

100 ஆம்பியர் பியூஸ் போதும். 150 போடு, அடிக்கடி போகாது என்று மச்சான் சொன்னான். போக வேண்டிய நேரத்தில் போவதற்குத்தான் அது இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்னவோ. ஆனால் அந்த வண்டியில் உட்காரப்போகிறவர் சட்டென்று கதவைத் திறந்து இறங்கக்கூடிய நிலையில் இல்லை.

நவம்பர் 10, திங்கள்

மழை. பட்டறை வாசலில் முழங்கால் வரை தண்ணீர்.

நவம்பர் 12, புதன்

இன்று எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. கல்மண்டபத்துப் பட்டறை அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து, எஞ்சினிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸுக்கு வரும் பின்னல் பட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பாதி இழைகள் அறுந்திருந்தன, மீதி பச்சைப் பொடியாக உதிர்ந்தன. "காசிமேட்டுக் காத்து, தம்பி. இங்க நிக்கிற எந்த வண்டிய அவுத்தாலும் இப்படித்தான் இருக்கும்" என்றார். படகு வேலை செய்கிறவர்கள் வெள்ளீயம் பூசிய செம்பைத்தான் பயன்படுத்துவார்கள் என்றும், கடலோரத்தில் நிற்கும் வண்டிக்கும் படகுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்றும் சொன்னார்.

ஹெட்லைட் ஏன் மங்கியது என்பதும் அப்போதுதான் முழுமையாகப் பிடிபட்டது. ஆம்ப்ளிஃபையருக்குப் போன மின்சாரம் திரும்பி வருவது வண்டியின் தகட்டின் வழியாக. ஹெட்லைட்டின் மின்சாரமும் அதே தகட்டின் வழியாகத்தான் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்புகிறது. அந்தக் கடைசிப் பட்டை அரித்துப்போயிருந்தால், ஒருவர் இழுக்கும்போது மற்றவருக்கு வோல்ட் குறையும். எல்லோரும் சிவப்புக் கம்பிக்கே காசைக் கொட்டுகிறார்கள். கறுப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போன மின்சாரம் அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும், அதனால் இரண்டுக்கும் ஒரே தடிமன் வேண்டும்.

மூன்று இடங்களில் புதிய கேபிள் போட்டோம்: எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரியின் நேர்முனைக்கு, பேட்டரியின் எதிர்முனையிலிருந்து சேசிஸுக்கு, எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு. ஆல்டர்னேட்டர் கம்பிக்கும் தனிப் பியூஸ் உண்டு. சேசிஸைத் தொடும் இடங்களில் பெயின்டைச் சுரண்டி, வெள்ளைத் தகடு தெரியும் வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கியபின் மேலே கிரீஸ் பூசினோம், உப்புக் காற்று உள்ளே போகாதபடி. செல்ஃப் அடிக்கும்போது எஞ்சினுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே முன்பு 0.9 வோல்ட் இருந்தது. இப்போது 0.15. எஞ்சினே முன்னைவிட விரைவாகச் சுழல்கிறது.

நவம்பர் 13, வியாழன்

மச்சான் மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சட்டென்று கொடுக்கும் கெபாசிட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான், 1 பாரட். 14 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்குவதற்குள் அது கொடுக்கக்கூடியது 26 ஜூல்தான். 1000 வாட்டுக்கு அது ஒரு நொடியின் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்குதான் தாங்கும். கெட்ட பாதையை அது சரிசெய்யாது. அவன் மனம் நோகாமல் சொல்ல முயன்றேன். பாவம், அவனும் ஏதாவது செய்ய வேண்டும் என்றுதானே அலைகிறான்.

நவம்பர் 15, சனி

கேபிள் பின்பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. எஞ்சின் அறையிலிருந்து உள்ளே நுழையும் துளையின் விளிம்பை அரத்தால் மழுக்கி, கம்பி உராயாமல் காக்கும் ரப்பர் வளையமான குரோமெட்டைப் பொருத்தி, அதன் வழியாகத்தான் இழுத்தேன். ஒன்பதாம் தேதியிலிருந்து என்னைத் தூங்கவிடாமல் செய்வது இந்தத் துளைதான். பவர் கேபிள் இடது பக்கம், ஒலிக் கம்பிகள் வலது பக்கம். சேர்ந்து ஓடவிட்டால் எஞ்சினின் சீழ்க்கை ஸ்பீக்கரில் கேட்கும். கேபிள் முனைகளில் போல்ட்டுக்காக மாட்டும் லக்குகளை ஈயம் வைத்துப் பற்றவைக்கவில்லை. ஈயம் ஊறிய இழை விறைத்துப்போய், எண்ணூர் சாலைக் குழிகளில் வண்டி அதிர அதிர, அந்த விளிம்பிலேயே ஒடியும். ஹைட்ராலிக் கருவியில் அழுத்தி, மேலே சுருங்கும் உறை போட்டோம்.

மாலையில் வார்டுக்குப் போனபோது, என் விரல் இடுக்கில் இருந்த கிரீஸைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சிதாடா?" என்று நைனா கேட்டார். நான் சொன்ன பதில் அவருக்குக் கேட்கவில்லை. விரல்களால் காட்டினேன்.

நவம்பர் 16, ஞாயிறு

சோதனை. குடியிருப்புத் தெருவில் பகலில் 55 டெசிபலுக்கு மேல் கூடாது, மருத்துவமனையைச் சுற்றியுள்ள அமைதி மண்டலத்தில் பாட்டே போடக் கூடாது. கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று உறுமும் கடலோரச் சாலைக்கு ஓட்டிப்போய், கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பார்த்தேன். பேட்டரியில் 12.6 இருக்கும்போது ஆம்ப்ளிஃபையரில் 12.2. தொலைந்துகொண்டிருந்த 1.4 இப்போது 0.4. ஹெட்லைட் லேசாகத்தான் அசைகிறது.

பேட்டரி 12.6க்கு இறங்குவதை மட்டும் கம்பியால் தடுக்க முடியாது. ஆல்டர்னேட்டரின் தகட்டில் 65 ஆம்பியர் என்று இருக்கிறது, அதுவும் எஞ்சின் வேகமாகச் சுழலும்போது. ஐடிலில் பாதிகூட வராது. பாட்டு எந்நேரமும் உச்சத்தில் இருப்பதில்லை, சராசரியில் மூன்றில் ஒரு பங்குதான் இழுக்கும் என்பதால் ஓடும்போது கவலையில்லை. நிற்கும்போது வால்யூமைக் குறைத்தே வைக்க வேண்டும்.

நவம்பர் 17, திங்கள்

இரவு இரண்டு மணிக்கு இறங்கிப்போய், போனட்டைத் திறந்து பியூஸ் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்துதான் இருந்தது. எஞ்சின் ஓடவேயில்லை, அது எப்படிச் சுடும். இருந்தாலும் தொட்டுப் பார்த்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

20ஆம் தேதி இல்லையாம். நாளையே மாலையில் அழைத்துப் போகலாம் என்கிறார்கள். காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இத்தனை தடித்த கம்பி எதற்கு, சின்ன செட்டே போதுமே என்று அத்தை கேட்டார்கள். இரைச்சலில் வேலை செய்தவர்களின் காதில் முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் அருகில் இருக்கும் மேல் ஒலிகள். பாய்லருக்குப் பக்கத்தில் நின்ற நைனாவுக்கு அதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் போய்விட்டது. 40, 50 ஹெர்ட்ஸ் மட்டும்தான் மிச்சம், அதையும் இருக்கையின் வழியாக முதுகால்தான் வாங்குகிறார். தாழ்ந்த ஒலிக்குத்தான் மின்சாரம் அதிகம் வேண்டும். அத்தையிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.

நவம்பர் 19, புதன்

ஹெட்லைட்டுக்கு ரிலே போட வேண்டும். பழைய சுவிட்ச் வழியாகவே இன்னும் முழு மின்சாரமும் போகிறது. ரிலே வைத்தால் சுவிட்ச் அதை இயக்க மட்டும் செய்யும், பல்புக்குப் பேட்டரியிலிருந்து நேராகப் போகும், மிச்சமிருக்கும் அசைவும் இன்னும் கொஞ்சம் குறையும். அண்ணன் ஏழு மணிக்கே பட்டறையைத் திறப்பதாகச் சொல்லியிருக்கிறார். பின் இருக்கையின் போல்ட்டுகளை மீண்டும் மாட்ட வேண்டும். நான்கு மணிக்குள் வார்டு வாசலில் இருக்க வேண்டும்.