காரணம் தெரியவில்லை

குரங்கு என்று நான் எழுதவில்லை. பழைய கல் பாலம் ஒன்றைச் சீர்செய்யும் சைட்டின் பதிவேட்டில் "3-ஆம் எண் கண்ணாடி உடைந்துள்ளது, காரணம் தெரியவில்லை, புதிது ஒட்டப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சீனியர் அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "தெரியலைன்னு எழுதி வெச்சா நாளைக்கு உங்களத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க தம்பி. காலையில நீங்கதானே குரங்குன்னு சொன்னீங்க? அப்படியே எழுதிடுங்க."

காலையில் சொன்னது உண்மை. அதை வைத்துத்தான் பேருந்தையும் விட்டேன். பிறகு எழுத மட்டும் ஏன் கை வரவில்லை?

குன்னூர் மலைப்பாதையில் போகிற பலர் அந்தப் பாலத்தைப் பாலம் என்றே கவனிப்பதில்லை. கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்று கீழே எட்டிப் பார்த்தால்தான் உயரம் தெரியும். கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய வளைவு. 1899-இல் ரயில் குன்னூருக்கு ஏறுவதற்கு முன்பு மாட்டு வண்டியும் டோங்கா என்ற குதிரை வண்டியும் போன காலத்துப் பாலம். இன்று அதன் மேல் ஆள் நிறைந்த பேருந்து போகிறது, பின் அச்சில் மட்டும் சுமார் 10 டன். கட்டியவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் வந்தவர்கள்தான் தார் போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, தண்ணீர் வடியும் துளைகளையும் அடைத்து வைத்திருந்தார்கள். உள்ளே நிரப்பிய மண் ஊறி, பக்கச் சுவரை வெளியே தள்ளியிருந்தது. வளைவின் ஓரத்தில், சுவர் பிரிகிற இடத்தில் நீளவாக்கில் ஒரு விரிசல். அதற்கும் யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். மேஸ்திரி சுத்தியலால் தட்டிப் பெயர்த்தபோது உள்ளே இருந்த சுண்ணாம்பு, விரலால் வழிக்கும்படி ஈரமாக இருந்தது. சிமெண்ட் தண்ணீரை உள்ளேயே பிடித்து வைத்துவிடும், கல் மூச்சு விடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் "சிமெண்ட்டுன்னா நாலு நாள்ல முடிஞ்சிடுமே" என்று கேட்க ஒருவர் இருப்பார். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும், அதிலும் குன்னூர் மூடுபனியில்.

அந்த விரிசலின் குறுக்கேதான் கண்ணாடி ஒட்டியிருந்தோம். ஆய்வகத்தில் பயன்படுத்துகிற மெல்லிய கண்ணாடித் துண்டு. இரு பக்கமும் பசை, மேலே மார்க்கரில் தேதி. விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். மலிவான கருவி, பொய் சொல்லாது என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அன்று விடிந்தபோது 3-ஆம் எண்ணில் பாதிதான் இருந்தது. உடைந்த விளிம்பு விரிசலோடு நேராகப் போயிருந்தது. அதைப் பார்த்தால் பாலம் அசைந்திருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் மறுபாதி பசையோடு பெயர்ந்து காணாமல் போயிருந்தது. சாரப் பலகையிலும் இல்லை, கீழேயும் கிடைக்கவில்லை. விரிசல் கண்ணாடியை உடைக்கும், எடுத்துக்கொண்டு போகாது. மேஸ்திரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "குரங்கு வேலைங்க சார். நேத்து சாயந்திரம் இந்தப் பைப்பு மேலதான் உக்காந்திருந்துச்சு." மற்றக் கண்ணாடிகள் எல்லாம் முழுதாக இருந்தன. விரிசல் அளக்கும் அட்டையை வைத்துப் பார்த்தேன். முந்தைய குறிப்பில் இருந்த அதே 2 மி.மீ. மழைத் தூறலில், டார்ச் வெளிச்சத்தில் பார்த்த 2 மி.மீ. என்பதையும் சொல்ல வேண்டும்.

பர்லியார் பக்கமிருந்து முதல் பேருந்து வந்து நின்றது. ஒரு பாதியில் வேலை, மறு பாதியில் வண்டி என்பதால் நாங்கள் கொடி காட்டினால்தான் நகர வேண்டும். டிரைவர் அண்ணன் இறங்கி வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்தே ஏதோ புரிந்திருக்கும்.

"ஏனுங்க சார், ஆளோட வரலாமுங்களா? இல்ல எறக்கி நடக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்ணா. குரங்கு ஒரு கண்ணாடிய உடைச்சிருக்கு, அவ்வளவுதான். ஆளோடவே வாங்க."

அவ்வளவுதான் பேச்சு. பேருந்து மெதுவாகப் போனது, வளைவில் திரும்பி மறைந்தது. ஒன்றும் ஆகவில்லை. இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை.

நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். நிறுத்தினால் அந்தப் பக்கத்து ஆட்கள் மேட்டுப்பாளையம் வரை இறங்கி, கோத்தகிரி வழியாகச் சுற்றித்தான் குன்னூர் வர வேண்டும். டயாலிசிஸுக்குப் போகிறவர், பள்ளிப் பிள்ளைகள், தோட்ட வேலைக்காரர்கள் எல்லோரும் அந்த ஒரு வண்டியில்தான். ஒரு கண்ணாடித் துண்டுக்காகவா? இது நியாயமான வாதம், இப்போதும் எனக்கு அதில் சந்தேகம் இல்லை. என்னைக் குடைவது டிரைவர் கொடுத்த இரண்டாவது வழி. இறக்கி நடக்க வைத்திருக்கலாம். 50 பேர் இறங்கினால் சுமார் 3 டன் குறையும். அது பெரிய வித்தியாசமில்லை என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். கேள்வி எடையைப் பற்றியதாக இருந்தால் கணக்கு சரிதான். அவர் எடையையா கேட்டார்?

இன்னொன்றும் நினைத்தேன். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த சனங்கள். மழையில் இறக்கி நடக்க வைத்தால் அப்புறம் அந்தப் பாலத்தை யாரும் நம்ப மாட்டார்கள், மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பாலம் விழப்போகிறது என்று பேச்சாகிவிடும். இதை அப்போதே நினைத்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டேனா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

புதிதாக ஒட்டிய கண்ணாடி ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க உடையவில்லை. நம் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை, அதையே தாங்கிவிட்டது. அப்படியானால் குரங்குதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே வாரங்களில்தான் துளைகளைத் திறந்தோம், பழைய தாரைச் சுரண்டி எடுத்தோம், விரிசலுக்குள் சுண்ணாம்புக் கிரவுட், அதாவது குழம்பாகக் கரைத்த சுண்ணாம்பு, செலுத்தினோம். பாலம் அசைந்துகொண்டிருந்து, எங்கள் வேலையால் நின்றிருந்தாலும் கண்ணாடி முழுசாகத்தான் இருக்கும்.

கல் வளைவுகளின் தாங்குதிறனைக் கணக்கிட மெக்ஸி முறை என்று ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் பழைய பாலங்களில் டாங்கி போகலாமா என்று சட்டென்று முடிவு செய்ய ஆங்கிலேய ராணுவம் உருவாக்கியது. வளைவு கடக்கிற தூரம், வளைவுக் கல்லின் தடிமன், மேலே உள்ள மண் எல்லாவற்றையும் அளந்து போட்டால் ஓர் எண் வரும். கடைசியில் பாலத்தின் நிலைமைக்கு என்று ஒரு மதிப்பால் பெருக்க வேண்டும், 0-விலிருந்து 1 வரை. அது மட்டும் அளவெடுத்து வருவதில்லை. பார்க்கிறவர் கண்ணும் அனுபவமும்தான். என் வரைவில் 0.8 போட்டிருந்தேன். இறுதி அறிக்கையில் 0.7 ஆக்கினேன். அனுமதிக்கிற எடை எட்டில் ஒரு பங்கு குறையும். பேருந்து போகலாம், ஜல்லி டிப்பர் போக முடியாது.

சீனியர் எண்ணை மாற்றச் சொல்லவில்லை. குரங்கு உடைத்ததற்கு எதற்கு 0.1 குறைத்தீர்கள் என்று மட்டும் கேட்டார். இன்னொரு மழை போகட்டும் சார், திரும்ப அளந்து ஏற்றிக்கொள்ளலாம் என்றேன். டிப்பர்காரர்கள் என்னைத் திட்டுவதாக மேஸ்திரி சொன்னார்.