பை ஆடியது, மாமா ஆடினார்

பாம்பனில் என் தாய்மாமாவைத் தெரியாதவர்கள் குறைவு. காலில் திருக்கை முள் ஏறியபோது வெந்நீர் வாளிக்குள் காலை வைத்துக்கொண்டு நிதானமாக வெற்றிலை மென்றவர். அப்படிப்பட்டவர், நான் ரத்ததானம் செய்யப் போகிறேன் என்றதும் பதறிப்போனார். "கடலுக்குப் போகிற பிள்ளை நீ. ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வலையை எதை வைத்து இழுப்பாய்?" என்றார். நான் கேட்கவில்லை. காவலுக்கு அவரும் கிளம்பிவிட்டார்.

தங்கச்சிமடத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். "பெரியவரும் கொடுக்கிறாரா?" என்று செவிலியர் வாசலிலேயே கேட்டுவிட்டார். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிய நாளில்கூட மாமாவின் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. வயது 67 என்றதும், "65-க்கு மேல் எடுப்பதில்லை ஐயா" என்றார்கள். உடனே நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "அடடா, முன்பே வராமல் போனேனே!" என்று முகாம் முழுக்கக் கேட்கும்படி வருத்தப்பட்டார்.

எடை, ரத்த அழுத்தம் பார்த்தார்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளியை நீலநிறத் திரவத்தில் விட்டார்கள். துளி மூழ்கினால் ரத்தத்தில் சத்துப் போதும் என்று அர்த்தமாம். என்னுடையது நேராக அடிக்குப் போனது. "தூண்டில் ஈயம் மாதிரி இறங்குகிறதே!" என்று மாமா பூரித்துப்போனார்.

பிறகு மாமாவின் விசாரணை தொடங்கியது. ஊசி பழையதா? பையோடு சேர்ந்தே வரும் புது ஊசி, என் கண்ணெதிரே பிரித்தார்கள். எவ்வளவு எடுப்பீர்கள்? 350 மில்லி, ஓர் இளநீர் அளவு. உடம்பில் ஐந்து லிட்டர் வரை ஓடுகிறது. போன நீர் ஓரிரு நாளில் ஊறிவிடும், சிவப்பணுக்களுக்குச் சில வாரம் ஆகும். அதனால்தான் ஆண்கள் அடுத்த தடவை கொடுக்க 90 நாள் இடைவெளி. மாமா விரல்விட்டு மாதக்கணக்குப் போட்டுப் பார்த்து, சரிதான் என்று ஒப்புதல் வழங்கினார்.

ஊசி ஏறியது. முள் குத்தியதுபோல ஒரு சுருக், அவ்வளவுதான். ரத்தம் உறையாமல் இருக்க, பையை ஒரு சின்ன இயந்திரம் இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. மாமா அதையே உற்றுப் பார்த்தார். பை இடப்பக்கம் சாய்ந்தால் அவரும் இடப்பக்கம், வலப்பக்கம் சாய்ந்தால் அவரும் வலப்பக்கம். நாற்பது வருடம் வாடைக் காற்றிலும் வல்லம் ஓட்டியவருக்கு, அசையாத சிமெண்டுத் தரையில் கடல்மயக்கம் வந்துவிட்டது!

பத்து நிமிடத்தில் நான் எழுந்தேன். பக்கத்துக் கட்டிலில் காலை உயர்த்திப் படுத்திருந்த மாமா என் பழச்சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தார். என் பிஸ்கட்டுகளும் அவரிடமே போயிருந்தன.

சாயங்காலம் வல்லத்தைக் கரையேற்ற ஆள் கூப்பிட்டார்கள். ஊசி போட்ட கையால் இன்று கனம் தூக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்ததால் ஒதுங்கி நின்றேன். மாமாவும் வந்து என் பக்கத்தில் நின்றார். சட்டைக் கையை மெதுவாக மடித்துவிட்டார்.

முழங்கை மடிப்பில் பஞ்சு, அதன்மேல் பிளாஸ்திரி.