பிளான்டைர் காப்பக நாட்குறிப்பு: வாளியும் கரண்டியும்

ஜனவரி 4, 2023, புதன்

காலராவால் மலாவியின் பிளான்டைரிலும் லிலாங்வேயிலும் பள்ளித் திறப்பை இரண்டு வாரம் தள்ளிவிட்டார்கள். நாற்பது பிள்ளைகளும் நாள் முழுக்க வளாகத்துக்குள்ளேதான். ஜெபம், பாட்டு எல்லாம் வாளி நிரப்பிய பிறகுதான்.

கைகழுவும் குளோரின் நீர்: 20 லிட்டருக்கு ஹெச்.டி.ஹெச். என்ற குளோரின் தூள் தலைதட்டி ஒரு மேசைக்கரண்டி. வாந்தி, பேதி பட்ட தரைக்கு அதே அளவு தண்ணீரில் பத்துக் கரண்டி. இரண்டு வாளியும் ஒரே நிறமாக இருந்தால் என்றைக்காவது மாறிப்போகும். கைக்கு நீலம், தரைக்குச் சிவப்பு. தகர வாளி கூடாது, அரித்துவிடும். நேற்றுக் கரைத்ததை இன்று நம்பக் கூடாது, வீரியம் இறங்கியிருக்கும்.

ஜனவரி 6, வெள்ளி

அடிபம்பு. மலாவி கிராமங்களில் பார்ப்பது பெரும்பாலும் அஃப்ரிடெவ் வகைதான். காலையில் முப்பது அடி அடித்தபிறகே தண்ணீர் எட்டிப் பார்க்கிறது, அப்புறம் ஒழுங்காகக் கொட்டுகிறது என்றால் கோளாறு அடிவால்வில். குழாயில் நின்ற தண்ணீர் ராத்திரியோடு கீழே இறங்கிவிடுகிறது. எவ்வளவு அடித்தாலும் கொஞ்சமாகவே வந்தால் பிஸ்டனிலுள்ள யூ-சீல் என்ற ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல சீலை மாற்றிவிட்டு, மறுநாள் காலையில் திரும்பவும் முப்பது அடி அடிப்பவர்கள் உண்டு.

ஒரே ஸ்பேனர் போதும். மூடியைத் திறந்து, கைப்பிடியை எடுத்து, கம்பிகளை ஒவ்வொன்றாகக் கொக்கி கழற்றி மேலே இழுக்க வேண்டும். பிஸ்டன் வெளியே வந்ததும், கடைசிக் கம்பியில் தூண்டில் கருவியை மாட்டி உள்ளே இறக்கினால் அடிவால்வும் வந்துவிடும். அதன் ஓ-ரிங், வால்வைத் திறந்து மூடும் ரப்பர் பாபின் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. யூ-சீலின் விரிந்த உதடு மேல்நோக்கி இருக்கட்டும்; தலைகீழாகப் போட்டால் தண்ணீரைப் பிடிக்காது. கம்பிகளை மண்ணில் போடாமல் பிளாஸ்டிக் விரிப்பில் வையுங்கள். சேற்றோடு இறக்கினால் பழுது தீரும், பேதி வரும். பூட்டி முடித்தபின் கிணற்றுக்குள் குளோரின் கரைசல் ஊற்றி ஊறவிட்டு, வாடை போகும்வரை அடித்துக் கொட்ட வேண்டும்.

ஜனவரி 9, திங்கள்

மதியம் ன்சிமா, அதாவது மலாவியின் மக்காச்சோளக் களி. நம் ஊரில் களி கிண்டியவர்களுக்குப் பாதி வேலை தெரியும். நாற்பது பேருக்குச் சுமார் ஏழு கிலோ மக்காச்சோள மாவு. கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். வெதுவெதுப்பான நீரிலேயே கொஞ்சம் மாவைக் கரைத்து, கஞ்சியாகக் கொதிக்கவிட வேண்டும். அந்தக் கஞ்சி தெறித்தால் கை கொப்பளிக்கும், முழுக்கைச் சட்டை அவசியம். பத்து நிமிடம் கழித்து மீதி மாவைத் தூவித் தூவி, ம்திகோ என்ற மரத்துடுப்பால் பாத்திரத்தின் ஓரத்தோடு அழுத்திக் கிண்ட வேண்டும். தொட்டுக்கொள்ள உசிபா என்ற சிறு மீனின் கருவாடு. ஜனவரி பஞ்ச மாதம், புது அறுவடைக்கு இன்னும் நாளிருக்கிறது. மாவு மூட்டையை எடை போட்டே இறக்குங்கள்.

ஜனவரி 12, வியாழன்

பேதி அரிசி கழுநீர் மாதிரி போனால் காத்திருக்கக் கூடாது. உடனே காலரா சிகிச்சை மையம். வழியிலும் உப்புச்சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) ஊட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு பொட்டலத்துக்குச் சரியாக ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர். பலரும் பொட்டலம் முழுவதையும் 300 மில்லி சோடா பாட்டிலில் கரைத்துவிடுகிறார்கள். உப்பு ஏறிப்போய் மருந்தே கெடுதலாகும்.

ஒவ்வொரு பேதிக்கும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் பத்து வயதுவரை 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாகத் தொடரலாம். வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள்: பழைய நிலைக்கு வர இரண்டு நொடிக்கு மேல் ஆனால் நீர் கடுமையாக வற்றியிருக்கிறது. கண் குழி விழுந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கலக்கிய நேரத்தைப் பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள். 24 மணி நேரம் தாண்டியதைக் கொட்டிவிட வேண்டும்.